துண்டு கேட்ட ஸ்டோர்காரர்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்காரர் குட்டையான ஆள். பேசும்போதெல்லாம் சாவிக்கொத்தைத் தடவுவார். கொழுந்து லொறியின் சக்கரத்துக்கு அடியில் என் அண்ணனின் கால் சிக்கியபோது, ஸ்டோரில் பூட்டியிருந்த எண்ணெய் ஜாக்கியைக் கேட்டு ஓடினேன்.

"தொரை எழுதின துண்டுச் சீட்டு எங்கடா?"

"அண்ணன் கால் நசுங்குதுங்க ஐயா."

"துண்டு இல்லாம குடுத்தா என் வேல போயிரும்."

தோட்ட மனேஜரான துரையைத் தேடிப்பிடித்து எழுதி வாங்க ஒரு மணி நேரமானது. பிறகு ஸ்டோர்காரரே வந்து ஒரே கையால் ஜாக்கியின் பிடியை ஏற்றி இறக்கினார். லொறி எழும்பியது.

"சின்னக் குழாயில அமுக்குறது எண்ணெ வழியா அகலக் குழாய்க்குப் போயி பல மடங்கு பலமாவுது. எம்புட்டு லேசு பாத்தியா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் காலை முழங்காலோடு வெட்டினார்கள். மறுநாள், என் பேரில் எடுத்த ஜாக்கி திரும்பி வந்ததற்கு ஸ்டோர்காரர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.