மூன்றாவது தட்டின் கடைசி மணி

பட்டறையில் அவருக்குப் பெயர் சிஐடி. வீட்டில் மனைவி வைத்திருந்த பெயரும் அதுதான், முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள், அவ்வளவே. பெரிய கட்டடங்களில் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய்களைச் செய்வது அவர் தொழில். தகரத்தை வெட்டி, மடித்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பூட்டவேண்டும். வாலிபத்தில் தட்ட ஆரம்பித்தவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். சுத்தியல் இடம் மாறியிருந்தால் பட்டறையில் விசாரணைக் கமிஷன் உட்காரும். டீ சப்பென்று இருந்தால் யாரோ பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்பார். அப்படி ஒரு மனுஷன்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. இங்கிலாந்தின் பழைய ராக் குழு ஒன்று. கலைந்துபோய் எத்தனையோ காலமாகிவிட்டது, இவர் மட்டும் கலையவில்லை. அதே கிறுக்கு இன்னும் மூன்று பேருக்கு: மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி; ஒரு கணக்கு டீச்சர்; ஒரு மருந்துக்கடைக்காரர். ஞாயிறு காலையில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடி, குழுவின் இசைத்தட்டுகளை முதலிலிருந்து வரிசையாக, வாரம் ஒன்றாகக் கேட்பார்கள். கடைசித் தட்டு முடிந்தால் மறுபடி முதல் தட்டு. பக்கம் ஓடி முடியும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது.

மூன்றாவது தட்டுக்கு மட்டும் தனி வழக்கம். அதன் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு அடங்கி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, டிரம்மர் ஒரு குட்டி மணியை ஒரே ஒரு தடவை தட்டுவார். அதைக் கேட்டதும் நாலு பேரும் ஆள்காட்டி விரலைத் தூக்குவார்கள். முதன்முதலில் டீச்சர் தன்னையறியாமல் தூக்கியது, பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

அந்த மூன்றாவது தட்டு சிஐடியின் சொத்து. அசல் முதல் பதிப்பு, பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. தன் ரெக்கார்டு பிளேயரின் புது ஊசியைச் சோதிக்க வேண்டும் என்று மச்சான் அதைக் கேட்டு வாங்கிப்போய், ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்த சிஐடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரம்மர் தட்டும் பித்தளைத் தாளத்தட்டு, அந்த சிம்பலின் ஓசையைக் காணோம். முன்பெல்லாம் சலசலவென்று தெறிக்கும், இப்போது கம்பளியைப் போர்த்தியதுபோல் மொத்தமும் மந்தம். முதல் பாட்டோடு ஆத்திரத்தில் ஊசியைத் தூக்கிவிட்டார்.

அடப்பாவி! அசலை அமுக்கிக்கொண்டு, பழைய உறையில் மலிவு மறுபதிப்பை வைத்துக் கொடுத்துவிட்டான்!

மையத் தாளின் ஓரத்தில் அடையாளத்துக்கு அவர் வைத்த பேனாப் புள்ளி அப்படியே இருந்தது. அதனால் என்ன? தட்டையே மாற்றியவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதா? மற்றத் தட்டுகளும் வரவர மங்கலாகத்தான் கேட்டன, ஆனால் அதற்கு வீட்டு ஊசி தேய்ந்துவிட்டது என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மேலும் சாட்சிகள் இருந்தன. பின்னறையில் இவர் உட்கார்ந்ததும் மச்சான் நைசாக ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகுவார். போன வாரம் சமையலறையில் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் நிற்க, வாய் அசைகிறது, ஒரு சொல் காதில் விழவில்லை. கட்டிய பெண்டாட்டியுமா கூட்டு? அன்று சிஐடிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு போனதைவிட, மச்சான் போய்விட்டானே என்பதுதான் பெரிய நஷ்டம். அவர் நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

ஞாயிறு வந்தது. தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், உட்காராமலே ஆரம்பித்தார்.

"மச்சான், என் தட்டு எங்கே?"

"கையிலதானே வச்சிருக்கீங்க?"

"இது டூப்பு. அசலை எங்கே பதுக்கின?"

மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். "ஐயோ சார், என்ன பேச்சு இது!" என்றார் டீச்சர். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, "உங்க தட்டுல ஒரு கீறல் இருக்குமே, மச்சான். ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு" என்றார்.

இருக்கிறது. புது மாப்பிள்ளையாக இருந்தபோது, அவருடைய மோதிரமே பட்டு விழுந்த கீறல். அந்த இடத்தில் ஊசி ஒரு வரியைத் தாண்டிக் குதிக்கும். எந்தத் திருடனாலும் அதைச் செய்து வைக்கமுடியாது.

"போடு" என்றார் சிஐடி.

இரண்டாம் பக்கம் ஓடியது. மூன்றாவது பாட்டு வந்தது. அதே சொல்லின் நடுவில் 'டக்' என்று ஊசி குதித்தது. அவருடைய தட்டேதான், சந்தேகமில்லை. சிஐடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, கூடவே மனசு லேசாகவும் ஆனது. மச்சான் திருடன் இல்லை! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், பக்கம் முடியவில்லையே என்று அடக்கிக்கொண்டார். அப்போதுதான் வேறொரு பயம் மெல்ல ஏறியது. தட்டு அதேதான் என்றால், சிம்பல் எங்கே போனது?

கடைசிப் பாட்டு அடங்கியது. மணிக்காக அவர் காத்திருந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று விரல்கள் உயர்ந்தன.

டீச்சருடையது, மருந்துக்கடைக்காரருடையது, மச்சானுடையது. சிஐடியின் கை முழங்காலிலேயே இருந்தது. பார்த்ததும் பதறி அவரும் விரலைத் தூக்கினார். அதற்குள் மற்ற விரல்கள் இறங்கிவிட்டிருந்தன. டீச்சர் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

மச்சான் எழுந்து ஊசியை எடுத்து வைத்தார். "அக்கா ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா, மச்சான். டிவி சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்குதாம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்களாம். உங்களுக்குக் கேக்கட்டுமேன்னுதான் நான் குமிழைக் கூட்டி வைப்பேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அப்படியானால் சமையலறையில் யாரும் குசுகுசுக்கவில்லை. சாதாரணமாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

"உன்னைத் திருடன்னு சொல்லிட்டேனே!"

"விடுங்க. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்."

சிஐடி தலையாட்டினார். பட்டறையை நினைத்தார், வாலிபத்திலிருந்து காதருகே இடித்துக்கொண்டிருக்கும் சுத்தியலை நினைத்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மணி இருந்துச்சா, மச்சான்?"

"இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"அப்படியேதான் இருந்துச்சு" என்றார் மச்சான், கொஞ்சம் உரக்க.