பூ மட்டும் தங்கிய தாள்

போன மாதம் என் பழைய சிநேகிதன் கண்ணப்பன் போன் செய்ததால்தான் அந்தப் பழைய புடவைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று வசம்பு வாசனை. அது மூக்கில் ஏறினாலே எனக்கு இருபத்து நான்கு வயதாகிவிடும், முட்டி வலி மட்டும் போகாது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாம யாருக்குங்க புடவை எடுத்து வெச்சிருக்கீங்க?"

புடவையாக இருந்தால் தேவலை. உள்ளே பட்டர் பேப்பருக்கு இடையில் பழைய அச்சுப் புத்தகங்களின் ஒற்றைத் தாள்கள். எந்தத் தாள் எந்தப் புத்தகத்தினுடையது என்று நீங்கள் கேட்டால் நான் பேந்தப் பேந்த விழிப்பேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அப்போது ஆரணியில் பட்டுப்புடவைக் கரைக்குப் பூப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவேன். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை தறியில் ஏறினால் பூ புடவையில் இறங்கும். புதுப் பூ தேடிப் பிஸ்கட் டப்பா, கல்யாணப் பத்திரிகை, கோயில் தூண் என்று எதையும் விடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பழைய பேப்பர் கடைத் தராசில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடந்தது. புள்ளிகூடச் சரியாக வைக்காத ஆதிகாலத்து அச்சு. வார்த்தைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரி படிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பக்கத்தைச் சுற்றி ஈய அச்சில் கொடியும் மொட்டுமாக ஒரு கரை! படிப்பதை விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. சந்தவாசல், தேசூர் என்று பழைய புத்தகம் இருப்பதாக யார் சொன்னாலும் சைக்கிளை மிதிப்பேன். பூ உள்ள தாளை மட்டும் உருவிக்கொள்வேன். பூ இல்லாத தாள்களைக் கண்ணப்பன் கேட்டு வாங்கிக்கொள்வான். அவன் நெசவாளி, நான் வரைந்ததை எல்லாம் நெய்தவன். நெய்த புடவையைத் தறியின் முன்னால் உள்ள படமரத்தில் சுற்றும்போது ஜரிகை உரசாமல் இருக்க இடையிடையே தாள் வைக்க வேண்டும், அதற்கு. ஒருவரும் குறை சொல்லாத ஏற்பாடு. எழுதியவர்கள் மட்டும் ஒருவேளை சொல்லியிருப்பார்கள்.

தாள்களைப் பாதுகாக்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை புடவையைப் பாதுகாப்பதுதான். நாப்தலின் உருண்டை போட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்று வசம்பு போட்டேன். தாளில் ஏது ஜரிகை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டுக்கு மாதக்கணக்கில் ஒரே மடிப்பு ஆகாது, இழை விட்டுவிடும், எடுத்து மாற்றி மடிக்க வேண்டும். நானும் பயபக்தியோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாள்களை வெளியே எடுத்து, மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை நடுவில் என்று மாற்றி வைத்தேன். தாள் ஒன்றுகூடக் கெடவில்லை. வரிசைதான் அடியோடு கெட்டது.

என் பித்தைப் பார்த்துத்தான் கண்ணப்பன் தன் அப்பா வைத்திருந்த புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தான்.

"பூவ நீ எடுத்துக்கோ. ஆனா கடைசித் தாளு பத்திரம்பா. எங்க பெரியவரு பேரு அதுல கீது."

புத்தகம் அச்சாகும் முன்பே வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களைக் கடைசியில் அச்சிடுவது அந்தக் காலத்து வழக்கம். அதில் கீழிருந்து மூன்றாவது வரியில் கண்ணப்பனின் முப்பாட்டனார், ஆரணி நெசவாளி.

இப்போது போனுக்கு வருகிறேன். கண்ணப்பன் மகனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து ஆண் குழந்தை. பிறந்தால் பெரியவர் பெயரையே வைப்பதாகப் படவேட்டு அம்மனிடம் கண்ணப்பன் வேண்டிக்கொண்டானாம். வெள்ளிக்கிழமை சேத்துப்பட்டில், சம்பந்தி வீட்டில், பேர் வைக்கிறார்கள்.

"அந்தப் பேரு இன்னான்னு பாத்து சொல்லுபா."

"உனக்குத் தெரியாதா?"

"எழுதித்தான் கீதே, அத்த எதுக்கு மனப்பாடம் பண்ணிகினு? சம்பந்தி வூட்டாண்ட தாளையே காட்டறேன்னு வேற சொல்லிக்கிறேன்."

அன்று முழுக்கத் தாள்களைக் கூடத்தில் பரப்பித் தேடினேன். பெயர் வரிசை உள்ள தாள் ஒன்றுமில்லை. வேறு பிரதி தேடலாம் என்றால் அது என்ன புத்தகம் என்பதும் நினைவில்லை. அடியில் படச் சட்டம் மாதிரி ஒரு தாள் அகப்பட்டது. நான்கு பக்கமும் அருமையான கொடிப் பூ, நடுவில் ஒன்றுமில்லை, பிளேடால் வெட்டியிருந்தது. கிராஃபின் மேல் வைத்துக் கட்டம் எண்ண வசதியாக நான்தான் வெட்டியிருக்க வேண்டும். வேறு யார் வெட்டுவார்கள்? ஆனால் வெட்டிய ஞாபகம் இல்லை. பத்திரம் என்று அவன் சொன்னது ஞாபகம் இருக்கிறது, மறந்தது எப்போது என்பதுதான் தெரியவில்லை. அந்த நடுத்துண்டும் அவன் வாங்கிப்போன தாள்கட்டில் சேர்ந்து, அவன் கையாலேயே ஏதோ ஒரு புடவைக்குள் சுருண்டு போயிருக்குமோ?

சட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணப்பன் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான்.

"இது எம் பொண்ணு முகூர்த்தப் புடவைக் கரையாச்சே!"

"ஆமா."

"பேரு?"

"பேரை வெட்டிட்டேன் கண்ணப்பா."

அவன் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் குனிந்து அவன் வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி படிச்சிருப்ப இல்ல?"

படித்திருந்தேன். நாக்கு நுனியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஏகாம்பரம், அருணாசலம். ஒரு நிமிஷம் இதுதான் என்று தோன்றும், மறு நிமிஷம் அதுதான் என்று தோன்றும். இரண்டையும் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"ஏகாம்பரம்னே வெச்சிக்கலாம். இந்தச் சட்டத்துக்குப் பின்னால ஒரு பழுப்புத் தாளு ஒட்டி அந்தப் பேரை எழுதிக் குடு. அந்தக் காலத்து அச்சு எழுத்து மாதிரியே. உனக்குத்தான் கை வருமே."

"பொய்யாச்சேப்பா?"

"அம்மனுக்கு வாக்கு குடுத்துக்கிறேன். பேரே இல்லன்னு நான் போயி எப்புடிச் சொல்றது? நீ சொல்லு."

எழுதினேன். பெட்டியில் இருந்த மற்றத் தாள்களைப் பார்த்துப் பார்த்து, புள்ளி வைக்காமல். சும்மா சொல்லக் கூடாது, அசலைத் தோற்கடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சேத்துப்பட்டில் தாள் கை மாறிக் கை மாறிப் போயிற்று. சம்பந்தி கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணப்பன் குழந்தையின் காதில் மூன்று முறை ஏகாம்பரம் என்று சொன்னான். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், அருணாசலம்தான் என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. ஆரணி வருவதற்குள் அதுவும் சந்தேகமாகிவிட்டது.

பூவுக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் அந்தக் கரை பத்திரமாக இருக்கும். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி, தன் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த மனிதரின் பெயர்தான் இனி எங்கேயும் கிடையாது. அது தொலைந்தது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். எனக்கும் இப்போதெல்லாம், அன்றைக்குக் கீழிருந்து மூன்றாவது வரியில் ஏகாம்பரம் என்றுதானே படித்தோம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.