கடையில் கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டு போன்கள்

ஃப்ரீடவுன் நகரத்து மலைச்சரிவில் இருக்கும் மேங்கோ டாப்பில் ஃபிண்டா போரியின் கடையைத் தெரியாதவர் கிடையாது. தகரக் கூரைமேல் நான்கு சோலார் தகடுகள், உள்ளே சுவர் நீளத்துக்கு மரத்தட்டுகள், தட்டு நிறைய செல்போன்கள். மின்சாரம் அந்த மேட்டுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் விடிகாலையில் வேலைக்கு இறங்குகிறவர்கள் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, எண் போட்ட தகர வில்லை ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது முழு சார்ஜோடு வாங்கிக்கொள்வார்கள்.

பதினோரு வருஷத்தில் ஒரு போன்கூட ஆள் மாறிப் போனதில்லை. எதை முதலில் சார்ஜில் போடுவது என்பதில்தான் வித்தை. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தகடு ஈடுகொடுக்காது. யார் முதலில் மேடேறுவாரோ அவர் போனுக்கு முதல் இடம். கடலோர மீன்துறைக்குப் போகிறவர்கள் பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள் மூன்று மணிக்கு, கல் உடைக்கிறவர்கள் பொழுது சாயும்போது என்று அத்தனை பேர் வரவும் போக்கும் அவளுக்கு மனப்பாடம்.

“நான் எப்ப வருவேன்னு மட்டும் உனக்குத் தெரியாது” என்று சீண்டுவார் கணவர் தம்பா. அவர் கொத்தனார்.

“உங்களுக்குத்தான் நான் வில்லை குடுக்கலையே” என்பாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் நகரப் போக்குவரத்துத் திட்டக் குழுவிலிருந்து எனிட் டெக்கர் என்ற பெண் மேடேறி வந்து, மூச்சு வாங்கக் கடை நிழலில் நின்றாள். புதிய பஸ்களை எந்தப் பக்கம் விடுவது என்று குழு பார்த்துக்கொண்டிருந்தது. பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, போன்கள் எந்த நேரத்தில் எந்தச் செல்போன் கோபுரத்திலிருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்கின்றன என்ற தகவலை மட்டும் போன் கம்பெனிகளிடம் வாங்கி வரைபடமாகப் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் காலையில் கோடுகள் கடலைப் பார்த்து ஓடின. மேங்கோ டாப்பிலிருந்து மட்டும் கோடே இல்லை. அங்கே யாரும் நகர்வதில்லை, பஸ் வேண்டாம் என்று மேலதிகாரி முடித்துவிட்டார். எனிட்டுக்கு மனம் ஒப்பவில்லை.

மடிக்கணினியைத் திறந்து காட்டி, இங்கே யாரும் வேலைக்குப் போவதில்லையா என்று தயங்கியபடி கேட்டாள். போன் வாங்க நின்ற மீன்காரி யேபுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என் போனுக்கு வந்த வாழ்வு எனக்கு வரலையே. நான் கூடையோட மலை இறங்கி ஏறுறேன், அது நிழல்ல காலை நீட்டிப் படுத்திருக்கு.”

எனிட் அப்போதுதான் தட்டுகளை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணத் தொடங்கியவளிடம், இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்றாள் ஃபிண்டா. அவர்களெல்லாம் எங்கே போயிருக்கிறார்கள் என்று எனிட் கேட்டதும் ஃபிண்டாவின் முகம் கொஞ்சம் இறுகியது.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்கம்மா. யாரு யாருகிட்டப் பேசுறாங்கன்னு உங்க மெஷின்ல தெரியுமா?”

பேச்சும் தெரியாது, ஆளும் தெரியாது, அழைப்பு எந்த நேரம் எங்கிருந்து கிளம்பியது என்று மட்டும் தெரியும் என்றாள் எனிட்.

“அப்ப நானும் பேரு சொல்ல மாட்டேன். எந்த இடம், எத்தனை பேரு, எப்ப இறங்குறாங்க, எப்ப ஏறுறாங்க. அதை மட்டும் எழுதிக்கங்க.”

அன்று பிற்பகல் முழுக்க, போன்களை எடுத்துக் கொடுத்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். எனிட்டின் விரல்தான் களைத்தது. அலுவலகம் திரும்பி அவள் மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேங்கோ டாப்பிலிருந்தும் கோடுகள் தாராளமாக இறங்கின. மற்ற நாட்களில் அந்தப் போன்களிலிருந்து அழைப்பு கிளம்பிய நேரங்கள், ஆட்கள் மேடேறுவதாக ஃபிண்டா சொன்ன நேரங்களோடு அப்படியே பொருந்தின.

குழுக் கூட்டத்துக்கு ஃபிண்டாவை அழைத்தார்கள். கடையைத் தம்பாவிடம் விட்டுவிட்டு, திருமணங்களுக்குக் கட்டும் நீலத் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். அப்படியானால் எங்கள் தகவல் தப்பா என்று மேலதிகாரி கேட்டார்.

“தப்பில்லைங்க ஐயா. போன் எங்க இருந்துச்சோ அதை அது சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆளு எங்க இருந்தாங்கன்னு நீங்க என்கிட்டக் கேட்டிருக்கணும்.”

அவர் மேங்கோ டாப் என்று தாளில் எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார். அதை ஃபிண்டா பார்த்துவிட்டாள்.

பிப்ரவரியில் பஸ் வந்தது. அதுவரை அடிவாரத்தோடு நின்றுவிடும் போடா-போடா என்று அங்கே சொல்லும் வாடகை வேன்களைத்தான் ஜனங்கள் பார்த்திருந்தார்கள். இது மேட்டிலுள்ள பள்ளிவாசல் முனைவரை ஏறி, ஐந்து மணிக்கு மீன்துறைக்கும் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரிக்கும் கிளம்பியது. முதல் நாளே கடையில் ஒரே குழப்பம். பஸ்ஸில் திரும்பிய மீன்காரிகள் ஒன்பதரைக்கே வந்து வில்லையை நீட்டினார்கள், போன்களில் சார்ஜ் பாதிகூட ஏறியிருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் நடக்காதது நடந்ததே என்று ஃபிண்டாவுக்கு வருத்தம் வரவில்லை. உட்கார்ந்து தட்டுகளின் வரிசையைப் புதிதாக மாற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் தம்பாவும் பஸ்ஸில் ஏறினார்கள். நடத்துநருக்கு அவளை யாரென்று தெரியாது, பின்னால் தள்ளி உட்காரச் சொன்னான். தம்பாவால் பொறுக்க முடியவில்லை. இந்த பஸ் யாரால் வந்தது தெரியுமா என்று ஆரம்பித்து, அடிவாரம் வருவதற்குள் வண்டி முழுக்கக் கதையைச் சொல்லி முடித்தார்.

“சும்மா இருங்க” என்று முழங்கையால் இடித்தாள் ஃபிண்டா. அதற்குமேல் அவரைத் தடுக்கவில்லை.