கழுவிவிட்ட காற்று

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் என் அக்காவுக்கு வேலை. இருமி இருமி நெஞ்சு புண்ணாகி, கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், "அப்பிடி ஒண்ணும் தூசி இல்லையே" என்று கைவிரித்துவிட்டார்.

இல்லையா? காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் அதற்கென்றே ஒரு கருவி இருந்தது. காற்றை உறிஞ்சி, உள்ளே ஒரு புள்ளியில் லேசரைக் குவிக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் அந்தப் புள்ளியில் சிக்கினால் பட்டென்று வெடித்துப் பிளாஸ்மாப் பொறியாகும். பொறிகளை எண்ணினால் எவ்வளவு தூசி என்று தெரியும். பொறியின் ஒளியைப் பிரித்தால் என்ன தூசி என்று தெரியும். மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே ஒரு நாளைக்கு அதை வேனில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

அறைக்குள் நுழைந்து பார்த்தேன். தரையெல்லாம் ஈரம். ஜன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. சல்லடை மெஷின்கள் துடைத்த பளபளப்போடு சும்மா நின்றன. வெளியாள் வந்தால் கழுவிவிடுவது எங்கள் தோட்டங்களில் வழக்கம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வந்தாலும் அதேதான், டீ குடித்துப் பார்க்க வெள்ளைக்காரன் வந்தாலும் அதேதான்.

"யாரு பாத்த வேல இது?" என்று கத்தினேன்.

"நாங்கதாண்டி. வெள்ளனவே வந்து கழுவுனோம்," என்றாள் அக்கா, கையில் விளக்குமாறோடு. "நீ மெஷினோட வார. குப்பையா கெடந்தா ஒனக்குத்தானே அசிங்கம்?"

"அடிப்பாவி! அந்தக் குப்பையத்தானே அளக்க வந்தேன்!"

சல்லடையை ஓட்டச் சொன்னேன். "இன்னைக்கு சலிக்கத் தூள் இல்லைங்க மிஸ்," என்றார் டீமேக்கர். நேற்றே எல்லாவற்றையும் சலித்து முடித்தாயிற்றாம். அந்தக் கள்ளச் சிரிப்பின் மேல் ஈர விளக்குமாற்றால் ஒன்று வைத்திருக்க வேண்டும். எப்படியாவது கருவியை இன்னொரு நாள் வைத்துக்கொண்டு நாளைக்கு அளக்கிறேன் என்றால், தொழிற்சாலைக்குள் ஒரு நாளைக்குத்தான் அனுமதி என்றார்.

வேறு வழியில்லாமல் கருவியைப் போட்டேன். எப்போதாவது ஒரு பொறி. அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன கருவிக்குப் பொய் சொல்லவும் தெரியாது.

"பாத்தீங்களா, ஒங்க மெஷினே சொல்லுது, காத்து சுத்தம்னு," என்றார் அவர்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "சுத்தம்னு வந்துருச்சா? அப்ப என்னைய மேல மாத்திருவீங்கள்ல, ஐயா?"

"இனி எதுக்கு மாறணும்? இங்கதான் காத்து நல்லா இருக்கே."