மெர்சி வீட்டு வாசலில் நடந்த ஞாயிறு வகுப்பு

மனோகரி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் வேலை பார்க்கும் கடத்தூர் தபால் நிலையத்தில் ஒரு பெரியவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். பார்சலைச் சரியாகக் கட்டாமல் கொண்டுவந்து, அப்படியே அனுப்பு என்று அடம்பிடித்தார். கைப்பேசி விடாமல் அடித்தது. எடுத்தால், பாப்பாரப்பட்டி சபைப் பெண் ஒருத்தி. “எலிசக்கா, டீச்சர் போயிட்டாங்கக்கா. பயிற்சி வகுப்பு முடிஞ்சு உக்காந்தாங்க. டீ வேணாம், தண்ணி குடுங்கன்னாங்க. தண்ணி கொண்டாரதுக்குள்ள...” எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். எனக்கும் டீச்சருக்கும் இடையே தீராத சண்டை ஒன்று இருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போக இவருக்கு யார் அனுமதி கொடுத்தது என்றுதான் தோன்றியது. பெரியவரின் பார்சலை நானே கட்டிக் கொடுத்துவிட்டு, பேசாமல் கிளம்பினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். மூப்பர்கள் கூடி முடிவெடுக்கும் பிரஸ்பிட்டேரியன் வழி வந்தவை எங்கள் வட்டாரத்துச் சிறு சபைகள். அவற்றின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் பாடம் எழுதித் தருவதும்தான் டீச்சரின் வேலை. ஒரு ரெக்சின் பை, அதில் ஃபிளானல் துணி, அதன்மேல் ஒட்டிக் காட்டும் படங்கள், இவற்றோடு டவுன் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போவார். வெளியூரில் அச்சாகி வரும் படங்களில் எல்லோரும் பளபளவென்று இருக்கிறார்கள் என்று அவற்றை ஒதுக்கிவிட்டுத் தானே வரைவார். காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கிடைத்ததாக இயேசு சொன்ன திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் கதைக்கு, தக்காளி பறிக்க ஆள் ஏற்றும் வண்டிக்காகத் தூக்குவாளியோடு சாலையோரம் நிற்கும் பெண்களை வரைந்திருந்தார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், ‘இது நம் ஊரில் எங்கே நடக்கிறது?’ என்று ஒரு கேள்வி இருக்கும். விடை எழுதித் தரமாட்டார். “பாடம் முடியறப்ப புள்ளைங்க கையில படம் இருந்தா பத்தாது. வாயில ஒரு கேள்வி இருக்கணும்” என்பார்.

அந்தக் கூலியாட்கள் பாடத்தைப் பயிற்சியில் நடத்தியபோது, தோட்டம் துரவு உள்ள மூப்பர் ஒருவர் எழுந்துவிட்டார். “சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக் கூலின்னா, நாளைக்குக் காலையில எவன் டீச்சர் வேலைக்கு வருவான்?” டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. “அதேதாங்க கதையில வர்றவங்களும் கேட்டாங்க. நீங்க கதைக்குள்ளயே வந்துட்டீங்க, இனிமே நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல” என்றார். சிரித்துக்கொண்டே ஊசி போடுகிற கை அது. அவரிடம் பயிற்சி பெற்று ஞாயிறு வகுப்பு எடுக்கும் எனக்கு அந்தக் கலை வராது. எனக்கு எதுவும் பட்டென்று முடிய வேண்டும். சபைக்கே தெரியும்.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். கொரோனாவுக்கு முந்தைய ஒரு கோடை. எங்கள் சபையில் திருமணத்துக்கு முன்னால் ஆலயத்தில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். கேட்பாரே தவிர, யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்போம். அன்றைக்கு வாசித்த பெயர் மெர்சி. டீச்சரின் வகுப்புப் பிள்ளை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள். அப்பா யோசேப்பு, செங்கல் சூளைக்காரர், சபை மூப்பர்களில் ஒருவர். ஆலயத்துச் சுற்றுச்சுவரே அவர் கொடுத்த செங்கல்தான். மாப்பிள்ளை ஓசூர்ப் பக்கத்தில் லாரி வைத்திருக்கும் அத்தை மகன். ஆயர் ஊருக்குப் புதியவர். வீட்டார் எழுதிக் கொடுத்த வயதை நம்பி வாசித்துவிட்டார்.

“ஐயா, எனக்குத் தடை இருக்குதுங்க.”

பக்கத்தில் இருந்த நானே திடுக்கிட்டுப் போனேன். டீச்சர் எழுந்து நின்றிருந்தார். “பொண்ணு என் வகுப்புல படிக்கிறா. இன்னும் கல்யாண வயசு வரலீங்க. சட்டப்படியும் தப்பு, சபைப்படியும் தப்பு.” யோசேப்பு திரும்பிக்கூடப் பார்க்காமல், “உக்காருங்க டீச்சர். வூட்டு விசயத்த வூட்டுல பேசிக்கலாம்” என்றார். “வூட்டு விசயம்னா கோயில்ல எதுக்குங்கண்ணா படிக்கச் சொன்னீங்க?” என்றார் டீச்சர். ஆயர் தடுமாறி, அடுத்த பாட்டை அறிவித்துவிட்டார். வெளியே வரும்போது பலர் எங்களைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள்.

அன்று மாலையே யோசேப்பு ஓலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கல்யாணத்தை நிறுத்த அல்ல, மாப்பிள்ளை ஊரில் வைத்துக்கொள்ள. மெர்சி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. டீச்சர் போய்ப் பார்த்தபோது காய்ச்சல் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நான் கொதித்தேன். குழந்தைகள் உதவி எண்ணுக்கு இப்போதே போன் போடுகிறேன் என்றேன். “போடு, வேணாங்கல” என்றார். “ஆனா ஆபீசர் வந்துட்டுப் போயிருவாரு எலிசு. அந்தப் பொண்ணு நம்ம மத்தியிலதான் இருக்கணும். நாம எல்லாம் வாய மூடிக்கிட்டு ஆபீசர மட்டும் அனுப்பி வச்சா, அப்புறம் அவ யாரு மூஞ்சிய நம்பிக் கோயிலுக்கு வருவா? ஞாயித்துக்கிழம மூப்பர் கூட்டத்துல பேசறேன். அது வரைக்கும் பொறு.” நான் பொறுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு, கூட்டத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அதுதான் நடந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு உட்காரும் நேரம். சூளையில் வேலை செய்யும் மேரி மூச்சிரைக்க வந்தாள். “டீச்சர், கார் வந்துருச்சு. புள்ளைக்குப் பட்டுப்பொடவ கட்டி ரூம்ல வச்சுப் பூட்டிருக்காங்க. சாப்புட்டுட்டுக் கெளம்பறாங்களாம்.” டீச்சர் என்ன சொல்வார் என்று நான் காத்திருக்கவில்லை. கைப்பேசியை எடுத்து உதவி எண்ணுக்கு அடித்தேன். தருமபுரியிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். வருவதற்குள் கார் ஓசூர் ரோட்டில் பாதி தூரம் போயிருக்கும்.

பேசி முடித்துத் திரும்பினால், டீச்சர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பே போக வேண்டும் என்பது அவர் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்த முறை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வாசலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான் வழக்கம். எனக்குப் புரிந்துவிட்டது. “சின்னப் புள்ளைங்கள முன்னால நிறுத்தப் போறீங்களா? அந்தாளு கை நீட்டுனா என்னா பண்ணுவீங்க?” என்று கத்தினேன். “நீட்ட மாட்டாரு. இதுல ரெண்டு அவரு தம்பி புள்ளைங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாசலில் வெள்ளைக் கார் நின்றது. டீச்சர் காருக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் பிள்ளைகளை உட்காரவைத்தார். ஓர் ஆள் நடக்கக்கூட வழி இல்லை. சைகைப் பாட்டு தொடங்கியது. யோசேப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். “என்னா டீச்சர் இது?”

“மெர்சி வகுப்புக்கு வரலீங்கண்ணா. அதான் வகுப்பு வந்துருக்குது.”

“அவளுக்குக் காய்ச்சல்னு சொன்னன் இல்ல?”

“அதுக்குத்தாங்கண்ணா ஜெபம் பண்ண வந்தோம்.”

ஜெபமும் முடிந்தது. அவர்கள் எழவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். ஒரு சிறுமி பயந்து அழுதாள், டீச்சர் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். யோசேப்பின் முகம் கறுத்துப்போயிருந்தது. தம்பி மகனைப் பெயர் சொல்லி அதட்டினார். அவன் டீச்சரைப் பார்த்தான், பிறகு கையைத் தட்டிப் பாடினான். வெயில் ஏறியது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் பிள்ளைகளைக் காணோம் என்று தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் காரைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள். யாரும் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போகவில்லை. முந்தின வாரம் செருப்பைத் தேடியவர்கள்தான். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தருமபுரி அதிகாரிகளின் ஜீப் வரவில்லை.

டீச்சர் வருகைப் பதிவு எடுக்கத் தொடங்கினார். பெயர் கூப்பிடக் கூப்பிட, “வந்துட்டேன் டீச்சர்” என்று பிள்ளைகள் சொன்னார்கள். மெர்சியின் பெயர் வந்தது. சாதாரணக் குரலில்தான் சொன்னார். மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த பெயருக்கும் போகவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை, உள்ளே பாய்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். யோசேப்பு ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது.

“வந்துட்டேன் டீச்சர்.”

குரல் உள்ளேயிருந்துதான் வந்தது. பிறகு கதவில் மெர்சி நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அப்பாவைப் பார்க்காமல் நடந்து வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் அவள் பெயருக்கு நேராகக் குறி போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜீப் அதற்குப் பிறகு வந்தது. விசாரித்தார்கள், வயது வரும்வரை திருமணம் செய்வதில்லை என்று யோசேப்பிடம் எழுதி வாங்கினார்கள். மெர்சி மேலே படித்தாள்.

சபை ஒழுங்கைக் குலைத்தார் என்று மூப்பர்கள் டீச்சரைச் சில மாதங்கள் வகுப்பெடுக்க விடவில்லை. அந்த மாதங்களில், வகுப்பிலிருந்து பாதியில் நின்றுபோகும் பெண்பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் எழுதி முடித்தார். இப்போது பல சபைகளில் அதைத்தான் நடத்துகிறார்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்க்காமல் ஓலை வாசிப்பதில்லை என்று எங்கள் மூப்பர்களே பின்னால் தீர்மானம் போட்டார்கள். எங்கள் சண்டை மட்டும் தீரவில்லை. “உன் ஜீப் வர்றதுக்கு முன்னாடியே அவ வந்து உக்காந்துட்டா” என்பார். “ஜீப் வரலன்னா சாயங்காலமே தூக்கிட்டுப் போயிருப்பாங்க” என்பேன். பிள்ளைகளை வைத்து அதைச் செய்தது சரியா என்றும் கேட்பேன். அதற்கு மட்டும் சிரிக்காமல், “வேற வழி இருந்தா சொல்லு” என்பார். இன்றைக்கும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சரிதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அடக்கத்துக்கு மெர்சி வந்திருந்தாள். சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு, கேட்கக்கூடாத நேரம் என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன். “நீயே சொல்லு மெர்சி. அன்னிக்கி உன்னக் காப்பாத்துனது என் போனா, டீச்சர் பாட்டா?”

அவள் அழுகையினூடே சிரித்தாள். “ரெண்டும் இல்லீங்கக்கா. எங்கம்மா. ரூம் சாவிய அப்பா அவங்ககிட்டதான் குடுத்திருந்தாரு. பாட்டு கேட்டப்பல்லாம் அடுப்பங்கரையில அசையாம உக்காந்துருந்தாங்களாம். டீச்சர் என் பேரச் சொல்லிட்டு நிறுத்துனாங்க இல்லீங்களா? அம்மா கொஞ்ச நேரம் பாத்தாங்களாம். அப்புறம் எந்திரிச்சு வந்து, ‘பதில் சொல்லுடி, அந்தம்மா எத்தன நேரம் காத்துக்கிட்டு இருப்பாங்க’ன்னுட்டுப் பூட்டத் தொறந்தாங்க. அன்னிக்கி ராத்திரி அதுக்கு அடியும் வாங்குனாங்க.”

அந்த அம்மா சற்றுத் தள்ளி, மகளின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை வருடச் சண்டையில் நானும் டீச்சரும் அவர் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்றுதான் அப்போது அழுதேன்.

டீச்சரின் படங்கள் சபைக்குப் போகட்டும், பாடங்கள் ஆசிரியர்களுக்குப் போகட்டும். நான் வைத்துக்கொள்வது, ஒரு பெயரைச் சொன்ன பிறகு அவர் காத்திருந்த அந்த அமைதியை. பொறுமை இல்லாதவள் நான், ஒவ்வொரு ஞாயிறும் என் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது கஷ்டப்பட்டுத்தான் அதைப் பழகுகிறேன். பதில் வராத பெயரில் நிற்கிறேன், அடுத்த பெயருக்குப் போவதில்லை. சாவி வைத்திருக்கும் யாரோ ஒருவர் எங்கோ உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.