பெண் குரல்

என் அம்மா பண்ணிய ஒரு கூத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. எண்பத்தொன்பதில், கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. திருவண்ணாமலையிலிருந்து மெல்லிசைக் குழு வந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மா, ஒலிபெருக்கியில் வந்த குரலைக் கேட்டுச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

"இன்னாமா பாடுது இந்தப் பொண்ணு! நம்ம பெரியவனுக்குக் கேட்டுப் பாக்கலாமா?" என்றாள், என் அண்ணனை மனசில் வைத்து.

கை கழுவிவிட்டு மேடைப் பக்கம் போனோம். மைக்கைப் பிடித்துக்கொண்டு மீசை வைத்த ஆள் நின்றிருந்தார். அம்மாவுக்கு முகம் தொங்கிப் போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மருமகளா வராட்டி போவுது, மருமகனா வரட்டுமே" என்று சித்தப்பா கிண்டலடித்தார். அடுத்த தையில் அப்படியே ஆனது.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் மேடையேறிப் பாட வீட்டுப் பெண்களை விடமாட்டார்கள். அதனால் குழுவில் பெண் குரலுக்கும் ஆண்தான். அதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஜோடிப் பாட்டில் கூட்டாளி ஆண் வரியைப் பாடி நிறுத்த, இவர் பெண் வரியை எடுப்பார். விசில் காதைப் பிளக்கும். தெருவில் நடந்தால், "பொம்பள வாய்ஸ் போறாருடா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கோ பெருமை, பாவி மனுஷன்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தெடுத்ததில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. பேச்சே கரகரவென்றுதான் வரும். ரேடியோவில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சில வருஷம் கழித்து, ஊரின் பழைய மெல்லிசைக் கலைஞர்களுக்குப் பாராட்டு விழா என்று கூப்பிட்டார்கள். சால்வையா அவருக்குப் பெரிசு? அந்த மேடையில் ஒரே ஒரு பெண் வரி பாடிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தினமும் பனங்கற்கண்டும் வெந்நீருமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். எனக்குக் கேட்டதெல்லாம் இருமல்.

"வேணாங்க, சால்வைய வாங்கினு வந்துடலாம்" என்றேன்.

"ஒரு வரி வந்துடும், பாரேன்" என்றார்.

வரவில்லை. கூட்டாளி பாடி நிறுத்தினார், இவர் வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. வாத்தியக்காரர்கள் அந்த இடத்தைத் திரும்ப வாசித்தார்கள். அப்போதும் இல்லை. என் பக்கத்தில் ஒருத்தன் சிரித்தான். கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அதற்குப் பதில் எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அந்த வரியைப் பாடினேன்.

நான் எங்கே பாடினவள்? அபஸ்வரம். ஆனால் மேடையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை உதட்டை மட்டும் அசைத்தார்.

ஆட்டோவில் ஏறியதும் என் காதருகே வந்து, "சுருதி கம்மி" என்றார். சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வீடு வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

அந்த வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு அவர் உயிரோடு இல்லை. இப்போதும் அந்தப் பாட்டு வந்தால் ஆண் வரியை முணுமுணுப்பேன். பெண் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். அது அவர் பாட வேண்டியது.