வலப்பக்கத்துச் சாமி

சங்கரநாராயணர் சந்நிதியில் நின்றால் வலம் எது, இடம் எது என்று இந்த வயதிலும் எனக்குத் தடுமாறுகிறது. காரணம் ஓர் அம்மாள்.

சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் வட்டார வளர்ச்சிக் குழு தையல் மிஷின் கொடுத்துவந்த காலம் அது. விண்ணப்பம் எழுதுவது என் வேலை. தையல் கடை போட வந்த அந்த அம்மாளுக்கு எதைக் கண்டாலும் சாணால் அளக்கும் பழக்கம். பேசிக்கொண்டே என் மேசையை அளந்தார். நானும் கூடவே எண்ணினேன். ஏழு சாண்.

“வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா. அவர் பேர்லதான் எழுதணும்.”

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாதே. ஜன்னல் வழியே தெரிந்த கோவில் கோபுரத்தைக் காட்டினார். “இந்தச் சாமிதான் ஐயா. வலப்பக்கத்துப் பாதி.”

ஒரே மேனியில் சங்கரனும் நாராயணனும் நிற்கிற கோவில். சாமிக்கு வலப்பக்கம் சிவன். ‘சங்கரன்’ என்று எழுதிவிட்டேன்.

அவர் கணவர் பேர் நாராயணன். பேர் பொருந்தவில்லை என்று அதிகாரி மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளித் தையலை நம்பிப் பிடித்த கடையும் கைவிட்டுப் போனது.

“கும்பிடுத என் வலதுகைப் பக்கத்தைச் சொன்னேன். நீங்க சாமியா நின்னு எழுதிட்டியளே ஐயா” என்றார். குரலில் கோபமில்லை. கை மட்டும் மேசையை மறுபடி அளந்தது.

பெண்கள் தம் பேரிலேயே மிஷின் வாங்கலாம் என்று விதி இருந்தது. எனக்கும் அது அப்போதே தெரியும். ஏழு சாணை இன்னும் மறக்காத நான், அந்த அம்மாளின் பேரைக் கேட்கவே இல்லை. இன்றுவரை அது எனக்குத் தெரியாது.